விடுதித் தேர்வும் மூட்டைப்பூச்சியும்: குடும்பப் பயணியின் தங்குமிடம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நகர விடுதியொன்றில் குடும்பத்துடன் தங்க விரும்பும் பயணி, அங்குள்ள படுக்கை தூய்மையானதா என்பதை முன்கூட்டி அறிய இயலாத நிலையிலேயே பணம் செலுத்துகிறார். விடுதிக்காரர் அறிந்ததும் பயணி அறியாததுமான இந்த இடைவெளியே விடுதி வரலாற்றின் நீண்டகாலச் சிக்கல் ஆகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க நாடகத்தில் தொடங்கி, ஐரோப்பியப் பயண வழிகாட்டி நூல்கள், அமெரிக்கக் குடும்ப விடுதிகளின் எழுச்சி, டி.டி.டி. காலம், மூட்டைப்பூச்சியின் மீள்வருகை, 2003ஆம் ஆண்டின் சிகாகோ வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றின் வழியாக இச்சிக்கல் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழகச் சத்திர மரபு ஒப்பீட்டு நோக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. படுக்கையைச் சோதிக்கும் பொறுப்பு பயணியிடமிருந்து விடுதிக்கு மாறியதும், பின்னர் ஓசையின்றி மீண்டும் பயணியிடமே திரும்பியதும் இவ்வாய்வின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: விடுதி, சத்திரம், மூட்டைப்பூச்சி, குடும்பப் பயணம், டி.டி.டி., நுகர்வோர் உரிமை.

1. முன்னுரை

பயணம் பற்றிய வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் வழிகளையும் வாகனங்களையும் பற்றியே பேசுகின்றன. பயணி இரவில் எங்கே படுத்தார், எதன்மீது படுத்தார், அப்படுக்கையில் அவருக்கு முன் யார் படுத்திருந்தனர் என்பன போன்ற வினாக்கள் மிகுதியும் எழுப்பப்படவில்லை. ஆயினும் குழந்தைகளோடு பயணம் செய்யும் ஒரு குடும்பத்திற்கு இவ்வினாக்களே முதன்மையானவை. தனிப்பயணி ஓர் இரவின் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடலாம். குடும்பமோ தன் மூட்டை முடிச்சுகளோடு அத்துன்பத்தையும் வீட்டிற்குச் சுமந்து செல்ல நேரிடுகிறது.

மூட்டைப்பூச்சி இவ்வரலாற்றை அளந்தறிய ஏற்ற அளவுகோலாக அமைகிறது. அதற்குச் சிறகில்லை, பறக்கவோ தாவவோ அதனால் இயலாது. மனிதர் சுமந்து சென்றாலன்றி அது நெடுந்தொலைவு செல்வதில்லை. எனவே அது பரவிய வழி மனிதர் பயணம் செய்த வழியே ஆகும். குளிர்நாடுகளில் மிகுந்து காணப்படும் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ், வெப்பநாடுகளில் மிகுந்து காணப்படும் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் ஆகிய இரண்டும் மனிதரைச் சார்ந்து வாழ்பவை. இந்தியாவிலும் இலங்கையிலும் பின்னதே பெரிதும் காணப்படுகிறது. எகிப்தின் அமர்னாவில் தொழிலாளர் குடியிருப்பு அகழாய்வில் கிடைத்த எச்சங்கள், இப்பூச்சி 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதரோடு குடியிருந்ததைக் காட்டுகின்றன.

2. பூச்சியின் இயல்பும் விடுதியின் இயல்பும்

விடுதிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் இடையிலுள்ள உறவை விளங்கிக்கொள்ள, அதன் வாழ்வியல் குறித்த சில செய்திகள் இன்றியமையாதவை. இளம்பூச்சி வளர்ச்சியடைய ஐந்து பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்திற்கும் குறைந்தது ஒருமுறை குருதி உணவு தேவை. உண்ணும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய பொழுதெல்லாம் மெத்தையின் தையல் மடிப்பு, கட்டிலின் பொருத்து, சுவர்ப் பிளவு ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கிறது. உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழும். கருவுற்ற ஒரு பெண்பூச்சி வந்து சேர்ந்தாலே ஓர் அறை முழுதும் பெருகிவிடக்கூடும்.

இவ்வியல்புகளை விடுதியின் இயல்போடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்துவதைக் காணலாம். விடுதியில் உணவு நாள்தோறும் மாறுகிறது, ஆனால் தவறுவதில்லை. அறை சில நாள் வெறுமையாக இருந்தாலும் பூச்சி காத்திருக்கும். விருந்தினர் மாறிக்கொண்டே இருப்பதால், எவர் கொணர்ந்தார், எவர் பெற்றுச் சென்றார் என்பதை நிறுவுவது அரிது. கடியின் தடிப்பு சிலருக்கு உடனே தோன்றும். சிலருக்குப் பல நாள் கழித்தே தோன்றும். சிலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒரே படுக்கையில் உறங்கிய குடும்பத்தினருள் ஒருவர் உடலில் மட்டும் தடிப்பு காணப்படுவது இதனால்தான். தடிப்பைச் சான்றாகக் கொண்டு விடுதியைக் குறை கூறுவதும், தடிப்பின்மையைச் சான்றாகக் கொண்டு விடுதியை நம்புவதும் ஒருசேரப் பிழையாகின்றன.

மூட்டைப்பூச்சி மனிதரிடையே நோயைப் பரப்பும் என்பது இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. இச்செய்தி ஆறுதல் அளிப்பதாயினும், வரலாற்றில் அது எதிர்விளைவையும் உண்டாக்கியது. கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கிடைத்த அரசின் கவனம் மூட்டைப்பூச்சிக்குக் கிடைக்கவில்லை. அது பொதுச் சுகாதாரத்தின் சிக்கலாகக் கருதப்படாமல், வீட்டாரின் அல்லது விடுதிக்காரரின் மானக்கேடாகவே கருதப்பட்டது. மானக்கேடு என்றானபின் மறைத்தல் இயல்பாயிற்று.

3. விடுதி குறித்த மிகப் பழைய வினா

கி.மு. 405இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீசின் 'தவளைகள்' நாடகத்தில், கீழுலகிற்குச் செல்ல முனையும் தயோனிசஸ், அவ்வழியை முன்பே கடந்துவந்த ஹெராக்ளீசிடம் பயணக் குறிப்புகள் கேட்கிறான். துறைமுகங்கள், உண்டிக்கடைகள், ஊற்றுகள் ஆகியவற்றோடு, மூட்டைப்பூச்சி மிகக் குறைவாக உள்ள விடுதிகள் எவை என்பதும் அவன் கேட்கும் வினாக்களுள் ஒன்று. நகைச்சுவைக்காக எழுதப்பட்ட இவ்வரி, விடுதித் தேர்வு பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகிறது.

இவ்வினாவில் இரு செய்திகள் கவனத்திற்குரியன. தயோனிசஸ் பூச்சியே இல்லாத விடுதியைக் கேட்கவில்லை. குறைவாக உள்ளதையே கேட்கிறான். அத்தகைய விடுதி உலகில் இல்லை என்பது அரங்கினர் அனைவரும் அறிந்த ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அடுத்து, அவன் விடுதிக்காரரிடம் கேட்கவில்லை. முன்பு அவ்வழி சென்று வந்தவனிடம் கேட்கிறான். விற்பவரின் சொல்லைவிடச் சென்று வந்தவரின் சொல்லே நம்பத்தக்கது என்னும் கொள்கை அன்றே நிலைபெற்றிருந்தது.

இந்திய மரபும் இதற்கு விலக்கன்று. பஞ்சதந்திரத்தில் அரசன் படுக்கையில் வாழும் பேனிடம் விருந்தினனாக வரும் மூட்டைப்பூச்சியின் கதை உண்டு. பொறுமையற்ற விருந்தினன் அரசனைக் கடித்துவிட்டு ஒளிந்துகொள்ள, இடம் கொடுத்த பேன் கொல்லப்படுகிறது. பழி எப்போதும் கண்ணில் படுபவர் மீதே விழும் என்னும் அக்கதையின் உட்கருத்து, பிற்கால விடுதி வழக்குகளுக்கும் பொருந்துவதாக உள்ளது. சிவன் பனிமலையிலும் திருமால் பாற்கடலிலும் துயில்வது மூட்டைப்பூச்சிக்கு அஞ்சியே என்று நகையாடும் வடமொழித் தனிப்பாடலும் பலர் அறிந்ததே. அரண்மனையோ தெய்வ உலகோ இதற்கு விலக்கில்லை என்பதே இவற்றின் பொதுப்பொருள்.

4. பகிர்ந்த படுக்கையிலிருந்து பூட்டிய அறைக்கு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நெடுங்காலம் விடுதி என்பது அறையை அன்று, படுக்கையில் ஓர் இடத்தையே குறித்தது. ஏறத்தாழ 1590இல் செய்யப்பட்ட 'வேர் நகரப் பெருங்கட்டில்' மூன்று மீட்டருக்கு மேற்பட்ட அகலம் உடையது. இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள இக்கட்டில், அக்கால விடுதியொன்று பயணிகளைக் கவர்வதற்கெனச் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1776இல் ஜான் ஆடம்சும் பெஞ்சமின் பிராங்கிளினும் நியூ பிரன்சுவிக் நகர விடுதியில் இடமின்மையால் ஒரே படுக்கையில் உறங்க நேர்ந்ததும், சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இருவரும் வாதிட்டதும் ஆடம்சின் தன்வரலாற்றில் பதிவாகியுள்ளன. நாட்டின் தலைவர்களுக்கே தனிப்படுக்கை உறுதியில்லாத காலத்தில், மனைவி மக்களோடு வந்த எளிய பயணியின் நிலையை உய்த்துணரலாம்.

இங்கிலாந்தில் மூட்டைப்பூச்சி பற்றிய தனிநூல் 1730இல் ஜான் சௌத்தால் என்பவரால் வெளியிடப்பட்டது. பூச்சியொழிப்பு மருந்து விற்றவரான இவர், 1666ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீக்குப் பின் இறக்குமதியான மரங்களோடு இப்பூச்சி வந்ததாகக் கருதினார். ஆனால் 1583இலேயே மோர்ட்லேக்கில் உயர்குடிப் பெண்கள் இருவர் இப்பூச்சியின் கடியைக் கொள்ளைநோயின் அறிகுறியென அஞ்சி மருத்துவரை அழைத்த செய்தியைத் தாமஸ் மூஃபட்டின் பூச்சியியல் நூல் பதிவு செய்துள்ளது. எனவே சௌத்தாலின் கூற்றை வரலாற்று உண்மையாகக் கொள்வதைவிட, 'பூச்சி வெளியிலிருந்து வந்தது' என்னும் மனப்போக்கின் வெளிப்பாடாகக் கொள்வதே பொருந்தும். அயல்நாட்டார், ஏவலர், ஏழையர் என யாரேனும் ஒருவர்மீது இப்பழி சுமத்தப்படுவது பிற்காலத்திலும் தொடர்ந்தது.

1829இல் பாஸ்டனில் திறக்கப்பட்ட டிரெமான்ட் ஹவுஸ் விடுதி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஐசையா ராஜர்ஸ் வடிவமைத்த இவ்விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் பூட்டும் சாவியும் இருந்தன; கைகழுவும் கலமும் சோப்பும் அறையிலேயே வைக்கப்பட்டன. அந்நியரோடு படுக்கையைப் பகிரும் கட்டாயம் நீங்கியதால் குடும்பம் ஒன்றாகத் தங்கும் வாய்ப்பு பிறந்தது. ஆனால் பூட்டு அந்நியரைத் தடுக்குமேயன்றி, அவர் விட்டுச்சென்ற பூச்சியைத் தடுப்பதில்லை.

5. வழிகாட்டி நூல்களும் பயணியின் தற்காப்பும்

19ஆம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பினர் இன்பப் பயணம் மேற்கொள்ளத் தொடங்கியபோது, ஹெராக்ளீசின் இடத்தை அச்சு நூல் பெற்றது. ஜான் மரேயின் கைநூல்கள் 1836 முதல் வெளிவந்தன. பேடெக்கர் நூல்கள் சிறந்த விடுதிகளுக்கு நட்சத்திரக் குறி இட்டன. இன்று விடுதிகளைத் தரம்பிரிக்கும் நட்சத்திர முறைக்கு இவ்வகைக் குறியீடுகள் முன்னோடி எனலாம்.

இந்நூல்கள் விடுதியைப் பரிந்துரைத்ததோடு நிற்கவில்லை. பரிந்துரை பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் கற்பித்தன. செவ்வந்தி இனச் செடியின் மலரிலிருந்து செய்யப்பட்ட பூச்சித்தூளை உடன் கொண்டுசெல்லுமாறு அவை அறிவுறுத்தின. கீழைநாடுகளுக்குச் செல்வோர்க்கு, உடலை முழுதும் மூடும் துணிப்பையோடு வலையும் இணைந்த 'லெவிஞ்ச்' கருவியை மரேயின் கைநூல் விளக்கியது. மரக்கட்டிலுக்கு மாற்றாக இரும்புக் கட்டில் பரவியதும் இந்நூற்றாண்டிலேதான். மரத்தின் பொருத்துகளில் உள்ள இடுக்குகள் இரும்பில் குறைவு; கழுவுவதும் எளிது. மருத்துவமனைகளும் விடுதிகளும் இரும்புக் கட்டிலை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தல், தலைப்பலகையின் பின்புறம் விளக்கைப் பிடித்து நோக்குதல் ஆகியன பயணியின் இயல்பான வழக்கங்களாகவே நீடித்தன. பயணக் கலையின் ஒரு பகுதியாகவே அவை கருதப்பட்டன.

6. குடும்ப விடுதியின் எழுச்சியும் டி.டி.டி. காலமும்

1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். சுவரிலும் கட்டிலிலும் ஒருமுறை தெளித்தால் பல மாதம் ஆற்றல் குன்றாத இம்மருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மூட்டைப்பூச்சி சில ஆண்டுகளில் அரிதாயிற்று.

நவீனக் குடும்ப விடுதி இதே காலத்தில்தான் தோன்றியது. 1951இல் மெம்பிஸ் நகர வணிகர் கெம்மன்ஸ் வில்சன் தம் மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் பயணம் செய்தார். வழியிலிருந்த விடுதிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு டாலர் கூடுதலாகப் பெற்றதும், அறைகளின் தரம் ஒன்றுபோல் இல்லாததும் அவரை வெறுப்படையச் செய்தன. அடுத்த ஆண்டே மெம்பிசில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். பெற்றோருடன் தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. நீச்சல் குளமும் குளிரூட்டியும் தொலைக்காட்சியும் உண்டு. 1960களின் முடிவிற்குள் இவ்விடுதித் தொடர் ஆயிரம் கிளைகளைக் கடந்தது. எந்த ஊரில் தங்கினாலும் ஒரே தரம் என்னும் உறுதிமொழியே அதன் வெற்றிக்கு அடிப்படை.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை கருதத்தக்கது. பெயர்ப்பலகையே தரத்திற்குச் சான்று என்று குடும்பங்கள் நம்பத் தொடங்கின. அந்நம்பிக்கை பொய்க்காமல் இருந்ததற்கு விடுதியின் ஒழுங்கு மட்டும் காரணமன்று. சுவரில் படிந்திருந்த மருந்தும் காரணம். இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை அன்று எழவில்லை. படுக்கையைச் சோதிக்கும் வழக்கம் ஒரு தலைமுறையில் தளர்ந்து, அடுத்த தலைமுறையில் மறைந்தது.

இந்நம்பிக்கை எல்லார்க்கும் கிடைத்ததும் அன்று. அதே சாலைகளில் பயணம் செய்த கறுப்பினக் குடும்பங்களுக்குப் பெரும்பாலான விடுதிகளின் கதவுகள் மூடியிருந்தன. நியூயார்க் அஞ்சல் பணியாளர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய 'பசுமை நூல்', கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகளையும் இடமளிக்கும் இல்லங்களையும் பட்டியலிட்டது. அந்நூலை ஏந்திச் சென்ற தந்தைக்கு எது தூய்மையான படுக்கை என்பது இரண்டாம் வினா. எங்கே படுக்கை கிடைக்கும் என்பதே முதல் வினா. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அட்லாண்டா விடுதியொன்று அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இந்நிலையைச் சட்ட அளவில் மாற்றின. தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால்தான் தேர்வு பற்றிய அறிவுக்குப் பொருளுண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

7. மீள்வருகையும் சிகாகோ வழக்கும்

டி.டி.டி.யின் வெற்றி நிலையானதன்று. 1940களின் இறுதியிலேயே ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் படைவீரர் குடியிருப்பில் மருந்துக்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. மலேரியா ஒழிப்புத் திட்டங்கள் நடைபெற்ற நாடுகள் பலவற்றில், மூட்டைப்பூச்சி மடிவது கண்டு முதலில் மருந்துத் தெளிப்பை வரவேற்ற மக்கள், அது மடியாமற் போனபின் தெளிப்பையே மறுத்தனர். அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. மூட்டைப்பூச்சி மீண்டதற்கு இத்தடையே காரணம் எனப் பலர் கூறுவதுண்டு. தடைக்கு இருபதாண்டுகளுக்கு மேலாகவே எதிர்ப்பாற்றல் தோன்றிவிட்டமையால் இக்கூற்று வலுவற்றது. அதற்கு மாற்றாக வந்த பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் எதிர்ப்பாற்றல் உருவானதை 2007ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

1990களின் இறுதியில் மூட்டைப்பூச்சி வளர்ந்த நாடுகளின் நகரங்களுக்குத் திரும்பியபோது, அதனை எதிர்கொள்ளும் அறிவு மிகுதியும் அழிந்திருந்தது. அமெரிக்கப் படையின் பூச்சியியலாளர் ஹரோல்ட் ஹார்லன், 1973இல் ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் திரட்டிய பூச்சிகளைத் தம் குருதியையே உணவாக அளித்துப் பல பத்தாண்டுகள் பேணிவந்தார். எதிர்ப்பாற்றல் அற்ற அப்பழைய இனமே பின்னர் ஆய்வகங்களில் ஒப்பீட்டிற்குப் பயன்பட்டது. ஒரு சமூகம் மறந்துவிட்டதைத் தனிமனிதர் ஒருவர் தம் உடலால் காத்துவைத்த அரிய நிகழ்வு இது.

விடுதிக்காரரின் பொறுப்பு எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்திய நிகழ்வு சிகாகோவில் நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நகர மையத்திலிருந்த விடுதியொன்றில் தங்கிய உடன்பிறந்தார் இருவர் மூட்டைப்பூச்சிக் கடிக்கு ஆளாயினர். வழக்கில் வெளிவந்த செய்திகள் அதிர்ச்சியளிப்பவை. 1998இலேயே பூச்சியொழிப்பு நிறுவனம் சில அறைகளில் பூச்சியைக் கண்டு, 500 டாலர் கட்டணத்தில் எல்லா அறைகளுக்கும் மருந்திட முன்வந்தது, விடுதி மறுத்துவிட்டது. பின்னர் விடுதியை மூடித் தூய்மை செய்ய உள்ளூர் மேலாளர் பரிந்துரைத்தார், மேலதிகாரி ஏற்கவில்லை. மருந்திடும் வரை வாடகைக்கு விடலாகாது என்று குறிக்கப்பட்ட அறையே அவ்விருவருக்கும் தரப்பட்டது. பூச்சியைக் கண்டு முறையிடும் விருந்தினரிடம் அவை உண்ணிகள் என்று கூறுமாறு பணியாளர் அறிவுறுத்தப்பட்டிருந்தனர்.

நடுவர் குழு ஒவ்வொருவர்க்கும் 5,000 டாலர் இழப்பீடும் 1,86,000 டாலர் தண்டத்தொகையும் வழங்கியது. இழப்பீட்டைப்போல் 37 மடங்கான தண்டம் மிகையானது என்று விடுதித் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2003இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் தண்டத்தொகையை உறுதி செய்தார். அவர் முன்வைத்த வாதம் விடுதி வரலாற்றின் மையச் சிக்கலைத் தொடுவது. ஒரு விருந்தினர்க்கு நேரும் தீங்கு சிறிது. அதற்காக வழக்காடும் செலவோ பெரிது. எனவே பெரும்பாலோர் வழக்காடாமல் விட்டுவிடுவர். மறைத்தல் ஆதாயமுள்ள வணிகமாகிவிடும். அவ்வாதாயத்தை அழிக்கும் அளவிற்குத் தண்டம் அமைய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அவ்விடுதியின் குற்றம் பூச்சி இருந்தது அன்று. இருப்பதை அறிந்தும் மறைத்து அறையை விற்றதே.

8. தமிழகச் சத்திர மரபு: ஓர் ஒப்பீடு

தமிழகத்தில் வழிப்போக்கரின் தங்குமிடமாக விளங்கிய சத்திரம், வாடகை பெறும் விடுதியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்கள் பற்றி இரண்டாம் சரபோசி 1801இல் கும்பினி அதிகாரிக்கு எழுதிய கடிதம் சிறந்த சான்றாகும். வழிப்போக்கர்க்கு உணவும், நோயுற்றோர்க்கு மருத்துவமும், குழந்தைகளுக்குப் பாலும், பேறுகாலப் பெண்டிர்க்குப் பராமரிப்பும் அளிக்கப்பட்டதை அக்கடிதம் எடுத்துரைக்கிறது. குடும்பத்திற்கு ஏற்ற தங்குமிடம் என்பதை இன்றைய விளம்பரங்கள் விளையாட்டுக் கூடத்தாலும் நீச்சல் குளத்தாலும் அளக்கின்றன. சரபோசியின் கடிதமோ பிள்ளைத்தாய்ச்சியையும் பால்குடிக் குழந்தையையும் கொண்டு அளக்கிறது.

படுக்கை முறையும் வேறுபட்டது. சத்திரத்தின் கல்தளத்தில் பயணி தம் பாயையோ விரிப்பையோ விரித்துப் படுத்தார். காலையில் உதறிச் சுருட்டி எடுத்துச் சென்றார். புகைவண்டிக் காலத்தில் படுக்கையைச் சுருட்டிக் கட்டும் 'ஹோல்டால்' இவ்வழக்கத்தின் தொடர்ச்சியாயிற்று. நிலையான மெத்தையும் அதன் தையல் மடிப்பும் இல்லாத இடத்தில், முன்பு தங்கியவரின் பூச்சி பின்பு தங்குபவருக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு குறைவு. எனினும் தன் படுக்கையே பூச்சியைச் சுமந்து செல்லும் வாய்ப்பு மறையவில்லை. மெத்தையிட்ட கட்டிலோடு கூடிய வாடகை விடுதி நகரங்களில் பரவியபோது, தூய்மைப் பொறுப்பு பயணியின் கையிலிருந்து நீங்கியது. ஆனால் அப்பொறுப்பை ஏற்றவர் யார் என்பது தெளிவாக்கப்படவில்லை.

இந்தியச் சட்டத்தில் இதற்கான அடிப்படைகள் உண்டு. 1867ஆம் ஆண்டின் சராய்கள் சட்டம் அறைகளையும் தாழ்வாரங்களையும் வடிகால்களையும் தூய்மையாக வைத்திருத்தலைச் சராய்க் காப்பாளரின் கடமையாக்கியது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் சட்டமும் தங்குமிடத்தைச் சேவை என்னும் வரையறைக்குள் அடக்குகின்றன. குறையுள்ள சேவைக்கு நிவாரணம் கோரும் வழி இதனால் திறந்துள்ளது. எனினும் கடித்தடத்தைச் சான்றாக்குவதில் உள்ள இடர் இங்கும் அப்படியே உள்ளது.

9. இன்றைய தேர்வு: வரலாறு தரும் அளவுகோல்கள்

2010இல் நியூயார்க்கில் இயற்றப்பட்ட சட்டம், குடியேறவிருக்கும் வாடகையாளருக்கு முந்தைய ஓராண்டின் மூட்டைப்பூச்சி வரலாற்றை வீட்டுரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஓரிரவு தங்கும் பயணிக்கு இத்தகைய உரிமையை அச்சட்டம் அளிக்கவில்லை. எனவே பயணி மீண்டும் சென்று வந்தவரின் சொல்லையே நாடுகிறார். அது இன்று இணைய மதிப்புரையாக வடிவெடுத்துள்ளது. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூட்டைப்பூச்சியைக் குறிப்பிடும் ஒரேயொரு அண்மை மதிப்புரை, இன்பப் பயணிகளின் கணிப்பில் அறையின் மதிப்பை இரவொன்றுக்கு 38 டாலர் குறைத்தது. அதே ஆய்வில் படங்களைக் கண்டு மூட்டைப்பூச்சியைச் சரியாக இனங்கண்ட இன்பப் பயணிகள் 28 விழுக்காட்டினரே. அச்சம் மிகுந்தும் அறிவு குறைந்தும் உள்ள இந்நிலையில் மதிப்புரை பொய்ப்பழியாகவும் மாறக்கூடும். 2023 இலையுதிர்காலத்தில் பாரிஸ் நகரில் எழுந்த பரபரப்பு இதற்குச் சான்று. பூச்சி உண்மை, ஆனால் அச்சம் பூச்சியைவிட விரைந்து பரவியது.

வரலாற்றிலிருந்து பெறத்தக்க அளவுகோல்கள் சில உள. முதலாவது, விலையும் நட்சத்திரமும் பூச்சியின்மைக்குச் சான்றாகா. பூச்சி எந்த விடுதிக்கும் விருந்தினரின் பெட்டியோடு வரலாம். விடுதியின் தரத்தைக் காட்டுவது முறையீட்டிற்கு அது அளிக்கும் மறுமொழியே. மதிப்புரையைப் படிக்கும்போது பூச்சி இருந்ததா என்பதோடு, அறை மாற்றப்பட்டதா, முறையீடு மறுக்கப்பட்டதா என்பதையும் நோக்க வேண்டும். அறைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கின்றனர் என்று முன்பதிவின்போதே வினவலாம். தயங்காமல் வரும் விடை நற்குறி. வினாவையே இழிவாகக் கொள்ளும் விடை தீக்குறி.

இரண்டாவது, குடும்பத்திற்கென விடுதிகள் அளிக்கும் வசதிகளே பூச்சிக்கு வழியாகவும் அமையக்கூடும். அறைக்கு அறை உருட்டிச் செல்லப்படும் கூடுதல் கட்டில், குழந்தைத் தொட்டில், படுக்கையாக விரியும் சோபா ஆகியவை பல அறைகளின் வரலாற்றைச் சுமப்பவை. எனவே பெரிய கட்டிலைச் சோதித்துவிட்டுக் குழந்தையின் கட்டிலைச் சோதிக்காமல் விடுதல் பொருந்தாது. பூச்சி காணப்பட்டால் பக்கத்து அறையையோ நேர் மேல்கீழ் அறையையோ ஏற்காமல், தொலைவிலுள்ள அறையைக் கேட்பது அறிவுடைமை. சுவர்ப் பிளவுகளின் வழியாக அண்டை அறைகளுக்குப் பூச்சி பரவுவது இயல்பு.

மூன்றாவது, மறைந்துபோன சோதிக்கும் வழக்கத்தை மீட்டெடுத்தல். அறைக்குள் நுழைந்ததும் பெட்டிகளைக் குளியலறையிலோ உலோகத் தாங்கியிலோ வைத்துவிட்டு, விரிப்பை விலக்கி மெத்தையின் தையல் மடிப்பையும் மூலைகளையும் தலைப்பலகையின் இடுக்கையும் கைவிளக்கால் நோக்க வேண்டும். மை தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள், வெளிறிய தோலுறைகள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெண்முட்டைகள் ஆகியன அடையாளங்கள். வீடு திரும்பியதும் துணிகளைச் சூடான உலர்த்தியில் அரைமணி நேரம் இடுதல் சிறந்த காப்பு. 48 செல்சியசு பாகை வெப்பத்தில் முட்டைகள் மடிய ஏறத்தாழ 70 நிமிடம் தேவைப்படுகிறது. அதனினும் மிகுந்த வெப்பத்தில் விரைந்து மடியும். குழந்தைகள் உறங்கும் அறையில் கண்ட மருந்தைத் தெளிப்பதைவிட வெப்பமே பாதுகாப்பானது.

10. முடிவுரை

தயோனிசஸ் எழுப்பிய வினாவிற்கு 2,400 ஆண்டுகளுக்குப் பின்னும் விடுதி உலகம் முழுமையான விடை தரவில்லை. தனியறையும் இரும்புக் கட்டிலும் வழிகாட்டி நூலும் பெயர்ப்பலகையும் அவ்வினாவைச் சில காலம் தள்ளிவைத்தன. டி.டி.டி. அவ்வினாவையே மறக்கச் செய்தது. மறதியின் விலையை 1990களுக்குப் பிந்தைய பயணிகள் செலுத்தினர்.

படுக்கையைச் சோதித்துப் பார்த்தல் பயணியின் அறிவு. ஆனால் அறிந்ததை மறையாமல் கூறுதல் விடுதியின் கடமை. முன்னது பின்னதற்கு ஈடாகாது. பயணியின் விழிப்பு எவ்வளவு வளர்ந்தாலும், உண்ணி என்று பொய் கூறும் மேசையின் முன் அது தோற்றுவிடும். மூட்டைப்பூச்சியை மானக்கேடாகக் கருதும் வரை மறைத்தலும் தொடரும். அதனை எந்த இடத்திற்கும் வரக்கூடிய, கண்டறிந்து நீக்கத்தக்க ஒன்றாகக் கருதும் மனநிலை உருவாகும்போதுதான் விடுதிக்காரர் வாய் திறப்பார். சத்திரங்களின் தரத்தைச் சரபோசியின் கடிதம் அளந்த முறையை இன்றைய நகர விடுதிக்கும் பொருத்தலாம். அங்குத் தங்கும் மிக எளியவரும் மிகச் சிறியவரும் அச்சமின்றி உறங்க முடிகிறதா என்பதே அவ்வளவுகோல். தமிழக நகரங்களின் வாடகை விடுதிகள், அவற்றின் உரிமங்கள், நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகள் ஆகியவற்றை இந்நோக்கில் திரட்டி ஆராய்வது இத்துறையின் அடுத்த பணியாக அமையும்.